நம்பிக்கை: மதுரை நாட்டில் ஒரு சொல்லின் வரலாறு

ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவில், நரிமேடு முதல் பசுமலை வரை, மதுரையின் சீர்திருத்தத் திருச்சபைக் கோயில்கள் விழித்திருக்கும். ஆராதனை முடிந்து வெளிவரும் மக்கள் பலரின் கையில் சிறிய அட்டை ஒன்று இருக்கும். அதில் அச்சிட்டிருப்பது திருமறை வசனம் ஒன்று, அவ்வாண்டுக்குரிய வாக்குத்தத்தம். வீடு சேர்ந்ததும் அது நாட்காட்டிக்குப் பக்கத்திலோ, வேதப் புத்தகத்தின் இடையிலோ இடம்பெறும். தேர்வு எழுதப்போகும் பிள்ளையும், கடன் அடையாத தந்தையும், நோயிற்கிடக்கும் பாட்டியும் அந்த ஒரு வரியைத் தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்றுக்கொள்வர். பன்னிரண்டு மாதம் கழியும். கேட்டது கிட்டியிருக்கலாம், கிட்டாமலும் போயிருக்கலாம். ஆயினும் அடுத்த நள்ளிரவில் அதே மக்கள் அதே வாயிலில் மறுபடியும் கைநீட்டி நிற்பதைக் காண்கிறோம்.

இக்காட்சியை ஏளனமாக நோக்குவோர் உண்டு. இரக்கத்தோடு நோக்குவோரும் உண்டு. வரலாற்று மாணவனுக்கோ இதனுள் ஒரு வினா இருக்கிறது. கிட்டாத பின்னும் நிலைக்கும் நம்பிக்கை எத்தகையது? மதுரை நாட்டில் அது எவ்வாறு வேர்கொண்டது? நானூறு ஆண்டுக்காலச் செய்திகளிற் சிலவற்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லை நோக்குவோம். வாக்குத்தத்தம் என்பது வாக்கினால் தத்தம் செய்யப்பட்டது, அதாவது சொல்லாற் கொடுக்கப்பட்டது. வடமொழியில் வாக்தத்தா என்பது, மணம் முடித்துத் தருவதாகச் சொல் கொடுக்கப்பட்ட பெண்ணைக் குறிக்கும். திருமணம் இன்னும் நடைபெறவில்லை. ஆயினும் அவள் உரிமை உறுதியாகிவிட்டது. கையில் வந்து சேராமலேயே உரிமையாகிவிட்ட பொருள் என்னும் இந்நுட்பம் இச்சொல்லுக்குள்ளேயே அமைந்துகிடக்கிறது. கிறித்தவ மறை கூறும் நம்பிக்கையும் இத்தகையதே. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பதினோராம் அதிகாரம், ஆபிரகாம் முதலிய முன்னோரை வரிசைப்படுத்துகிறது. அவர்கள் வாக்குத்தத்தம் செய்யப்பட்டதைக் கையிற் பெறாமலேயே, தொலைவில் கண்டு மகிழ்ந்து மடிந்தவர்கள் என்று அது பேசுகிறது. பெறாமல் மடிந்தோரையே நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுவது வியப்புக்குரியதன்றோ!

தத்துவ போதகரின் காத்திருப்பு

1606ஆம் ஆண்டு நவம்பரில் இராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியத் துறவி இங்கு ஆண்டுக்கணக்கிற் பணியாற்றியிருந்தும், உள்நாட்டு மக்களில் எவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. கடற்கரைப் பரதவர் ஏற்ற மறை, மதுரை நகரத்தார் கண்ணுக்குப் 'பரங்கி மார்க்கம்' ஆகவே தோன்றிற்று. நொபிலி காவி உடுத்தார், புலால் நீத்தார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் எனப் பெயர் கொண்டார். போர்த்துக்கீசிய ஒலிகளைத் தாங்கிய சமயச் சொற்களை நீக்கி, பூசை, குரு, கோயில் என நம்மவர் வாயில் வழங்கும் சொற்களை ஆண்டார். ஞானோபதேச காண்டம் முதலாக அவர் யாத்த உரைநடை நூல்கள் தமிழ் உரைநடை வரலாற்றில் தனி இடம் பெறுவன.

ஆயினும் அவர் வந்து சேர்ந்தது இறைநம்பிக்கை அற்ற ஊருக்கன்று. திருஞானசம்பந்தரும் மாணிக்கவாசகரும் பாடிய ஊர் இது. இறைவன் மண் சுமந்த ஊர் என்பது இம்மக்களின் திருவிளையாடல் மரபு. அங்ஙனமாயின் நொபிலி கொணர்ந்த புதுமை யாது? இறைவன் அடியார்க்கு எளியவன் என்பதை மதுரை அறிந்திருந்தது. இறைவன் வரலாற்றுக்குள் வந்து ஒரு சொல் கொடுத்திருக்கிறான், அச்சொல் நிறைவேறும் நாளை நோக்கி உலகம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே அவர் புதிதாகச் சொன்னது. பிறவிச் சுழற்சியை மறுத்து அவர் எழுதிய வாதங்களின் உயிர்நாடியும் இதுதான்.

அவர் வாழ்வோ காத்திருப்பாகவே கழிந்தது. அவருக்கு வடமொழி கற்பித்த சிவதருமர் திருமுழுக்குப் பெற்றபின் குடுமியும் பூணூலும் களைய வேண்டுமா என்ற பூசல் எழுந்தது. அது கோவா வரை சென்று, உரோமை வரை எட்டி, 1623ஆம் ஆண்டு சனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தம் திருச்சபையினராலேயே ஐயுறப்பட்டு வாழ்ந்தவர் அவர். 1640இல் மதுரையிற் சிறையும் கண்டார். முதுமையில் கண்ணொளி மங்கிய நிலையில், தாம் நேசித்த மதுரையை விட்டு நீங்கி, 1656 சனவரி 16இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார். மதுரை முழுவதும் மறையேற்கும் என்ற அவரது கனவு நனவாகவில்லை.

அவருடைய பணியில் இருந்த குறையையும் மறைத்தல் கூடாது. சாதி ஒழுக்கத்தை அவர் குடிமை வழக்கமெனக் கொண்டு விட்டுவைத்தார். மேற்குலத்தார்க்கு ஒரு கோயிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு வேறொரு கோயிலும் எழுந்தன. எல்லோர்க்கும் பொதுவெனக் கூறப்பட்ட வாக்குத்தத்தத்தை மக்கள் வெவ்வேறு கூரைகளின்கீழ் அமர்ந்து கேட்டனர். பின்னர் எல்லா நிலை மக்களிடமும் செல்லத்தக்க பண்டாரசாமிகள் என்னும் குருமார் வகுப்பு 1640ஐ ஒட்டித் தோன்றியது இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. எனினும் வித்து ஊன்றிய அன்றே களையும் உடன் முளைத்தது என்பதை நாம் மறுக்கவியலாது.

ஓரியூர் மணல்

அப்பண்டாரசாமிகளின் வழியில் வந்தவரே அருளானந்தர் எனத் தமிழர் அழைக்கும் ஜான் தே பிரிட்டோ. 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1673இல் இந்தியா வந்தார். 1686இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டு வதையுண்டார். பிறகு ஐரோப்பா சென்ற அவரை அங்கேயே இருத்திக்கொள்ள அரசகுலம் விரும்பியது. அவரோ 1690இல் திரும்பிவிட்டார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோய் நீங்கி மறையேற்க முன்வந்தபோது, மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒழுங்கு குறுக்கிட்டது. விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட, அருளானந்தர் சிறைப்பிடிக்கப்பட்டு, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை துணிக்கப்பட்டார். ஈண்டு ஒன்று சொல்லுதல் தகும். சேதுபதியை வெறும் கொடுங்கோலராகக் காட்டுவது வரலாறாகாது. பல சமயத்தார்க்கும் இடமளித்த அவருக்கு இது குடும்ப மானமும் ஆட்சி நிலைபேறும் கலந்த சிக்கல். விலக்கப்பட்ட அப்பெண்ணின் துயரமும் துயரமே. உயர்ந்த கொள்கை ஒன்று நடைமுறைக்கு வரும்போது யாரோ ஒருவர் அதன் விலையைச் செலுத்த நேர்கிறது.

அருளானந்தர் தம் விலையைத் தாமே செலுத்தினார். கொலைக்கு முதல்நாள் சிறையிலிருந்து, கரியைக் கரைத்த மையில் துரும்பைத் தோய்த்து, உடன் துறவியர்க்கு மடல் எழுதினார் என்பர். அரசியற் கணக்கிற் பார்த்தால் அன்று அவர் பணி தோற்றது. அந்த மண்ணோ வேறு கணக்கை எழுதிற்று. ஓரியூரின் செம்மணலை மக்கள் இன்றும் அள்ளிச் செல்கின்றனர். பிள்ளைப்பேறு வேண்டியும் நோய் தீரவும் அங்கு வருவோர் ஒரு சமயத்தார் மட்டுமல்லர். 1947 சூன் திங்களில் உரோமை அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே, இராமநாதபுரத்துக் குடியானவர்கள் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டிருந்தனர்.

பந்தியில் வந்த சோதனை

இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சுத் துறவியர் 1838இல் மதுரைப் பகுதியில் பணியைத் தொடர்ந்தனர். அதற்கு நான்காண்டு முன்னதாகவே, 1834இல், யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிசியோனரிமார் மதுரைக்கு வந்துவிட்டனர். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய அவர்களது குருத்துவப் பள்ளி, 1845இல் பசுமலைக்கு மாறிற்று. சமணர் ஏவிய மாயப்பசு வீழ்ந்து மலையானதாகத் திருவிளையாடற் புராணம் கூறும் அம்மலையடிவாரத்தில், உபதேசியார்களும் ஆசிரியர்களும் உருவாயினர். வில்லியம் டிரேசி அதன் தலைவர்.

1847இல் இம்மிசியோன் ஒரு கடுமையான முடிவை எடுத்தது. சாதியை விடாதவர் திருச்சபையின் முழு உறுப்பினராகவோ பணியாளராகவோ இருத்தல் கூடாது என்பதே அது. சாதியை விட்டதற்கு அடையாளம் யாது? வாய்ச்சொல் போதாது, எல்லோருடனும் அமர்ந்து உண்ண வேண்டும் என்றாயிற்று. 1850இல் சென்னையிற் கூடிய மிசியோனரிமார் மாநாடும் இக்கொள்கையையே வலியுறுத்தியது. பலர் விலகினர். பல்லாண்டு பணியாற்றிய உபதேசியார்களும் அவர்களுள் இருந்தனர். மறுமையில் ஆபிரகாமோடு பந்தியமர்வோம் என்று நம்பியவர்கள், இம்மையில் அடுத்த தெருவானோடு பந்தியமரத் தயங்கினர்.

அயல்நாட்டார் தம் அதிகாரத்தால் இதனைத் திணித்தனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. சம்பளம் தருபவர் வைக்கும் தேர்வில் மனச்சான்று எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது. ஆயினும் அந்தப் பந்தி ஒரு பெரிய உண்மையை வெளிப்படுத்திற்று. வாக்குத்தத்தம் என்பது பெற்றுக்கொள்ளும் பொருள் மட்டுமன்று. பெற்றவன் பக்கத்திலிருப்பவனுக்கு அதனைக் கடனாகச் செலுத்த வேண்டும். அக்கடனைச் செலுத்த மறுக்கும் இடத்தில் நம்பிக்கை வெறும் ஆசையாகச் சுருங்கிவிடுகிறது. மதுரை நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல் இதுவே என்பது எம் துணிபு.

தாது வருடம்

1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என இன்றும் முதியோர் வாய்மொழியில் வாழும் கொடுமை தொடங்கிற்று. பெரியாற்று அணை கட்டி மேற்கே ஓடும் நீரை வைகைக்குத் திருப்பியது 1895இல்தான். அதற்கு முன் இச்சமவெளியின் பெரும்பகுதிக்குக் கண்மாயும் வானமுமே கதி. 1877இல் அரசின் நிவாரண வேலைத்தளங்களில் ஓர் ஆணுக்கு நாள் முழுதும் உழைத்ததற்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே கூலியாகக் குறைக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் மாண்டோர் தொகை பல இலட்சம்.

அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு சிவகங்கை வில்லியப்ப பிள்ளை பாடிய பஞ்சலட்சணத் திருமுக விலாசம் 1899இல் வெளிவந்தது. பசித்த மக்கள் மதுரைச் சொக்கலிங்கப் பெருமானிடம் முறையிடுகின்றனர். இறைவனோ தம்மால் இயலாதெனச் சிவகங்கை மன்னருக்குத் திருமுகம் எழுதிக் கொடுக்கிறார். எள்ளலுக்குள் கண்ணீரை ஒளித்த அந்நூல், எல்லாச் சமயத்தாரின் நெஞ்சிலும் அன்று எழுந்த வினாவையே எழுப்புகிறது. சொல் கொடுத்தவர் எங்கே?

அக்காலத்தில் மிசியோன்கள் கஞ்சித்தொட்டிகளும் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களும் அமைத்தன. தென் மாவட்டங்களில், சிறப்பாகத் திருநெல்வேலிப் பகுதியில், பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் பல்லாயிரவர் திருச்சபையை அணுகினர். இவர்கள் கஞ்சிக்கு வந்தவர்களா, கடவுளுக்கு வந்தவர்களா என்று ஊராரும் கேட்டனர். மிசியோனரிமாரும் தமக்குள் கேட்டுக்கொண்டனர். கேள்வியே பிழையானது என்று தோன்றுகிறது. பசித்தவன் வயிற்றையும் நெஞ்சையும் வெவ்வேறாகப் பிரித்து எடுத்துவருவதில்லை. தன்னை மனிதனாக எண்ணிக் கஞ்சி வார்த்த கையை அவன் நம்பினான். அந்தக் கையை இயக்கியது எது என்று பிறகு கேட்டான். கேட்டுத் தெரிந்தபின் சிலர் விலகினர், சிலர் நின்றனர்.

நின்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இருந்தன. பஞ்சம் ஓய்ந்து மூன்றாண்டுகளுக்குள், 1881இல், ஜார்ஜ் வாஷ்பர்ன் தலைமையில் பசுமலையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. 1904இல் சம்ப்ரோ காலத்தில் அது நகருக்கு வந்து அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் பெண்களுக்கென லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். இக்கல்லூரிகளிற் பயின்றோர் எல்லாச் சமயத்தாருமே. விதைத்தவர் காணாத விளைச்சலைப் பிறர் அறுத்தனர்.

மேலைநாட்டுக்குத் திரும்பிய ஆயர்

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை, இராமநாதபுரம் பகுதிக்கு முதல் பேராயரானவர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. 1959 வரை ஊர் ஊராகச் சென்று, எழுத்தறியாத ஏழைச் சபைகளோடு பழகினார். பின்னர்ச் சென்னையிலும் பேராயராக இருந்து, 1974இல் இங்கிலாந்து திரும்பினார். தாயகத்தில் அவருக்கு எது மிகக் கடினமாக இருந்தது என்று வினவியோர்க்கு, அங்கே நம்பிக்கை மறைந்துபோயிருப்பதே என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். சென்னையின் மிக இழிந்த சேரியிலும் நாளை நன்றாகும் என்ற எண்ணத்தைக் கண்டவர், வசதி நிறைந்த நாட்டில் அதனைக் காணவில்லை. வறுமையைப் போற்றுவதற்காக இதனை ஈண்டுக் கூறவில்லை. நம்பிக்கை வசதியின் குழந்தையன்று என்பதற்கு, நம்பிக்கையைக் கற்பிக்க வந்து அதனைக் கற்றுச் சென்ற ஒருவரின் சான்றாகவே கூறுகிறோம்.

இரு மொழிபெயர்ப்பும் ஓர் உலையும்

இனி மீண்டும் சொல்லுக்கு வருவோம். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த திருமறையே சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் பெரிதும் ஓதப்படுவது. பசுமலை டிரேசியும் அத்திருத்தக் குழுவில் இருந்தவர். பவுல் அடியார் நிலைத்து நிற்பனவாகக் கூறும் மூன்றும் அதில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என வழங்கும். கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மாறின. வாக்குத்தத்தம் வாக்குறுதியாயிற்று.

நம்பிக்கை என்னும் சொல் இரண்டாம் இருக்கையிலிருந்து முதல் இருக்கைக்கு நகர்ந்துவிட்டது. நல்ல தமிழ் வேண்டும் என்ற விழைவால் நிகழ்ந்த மாற்றம் இது. பழைய சொல்லுக்குப் பழகிய செவிகள் முணுமுணுத்தன. எனினும் இதனுள் ஓர் உண்மை வெளிப்படுவதாகக் கருதலாம். தமிழில் நம்புதல் என்பது ஒருவரை நம்புதலையும் ஒன்று வருமென நம்புதலையும் ஒருசேரக் குறிக்கும். மருமகளை நம்புகிறோம், மழையையும் நம்புகிறோம். சொன்னவரை நம்புவதும் சொன்னது வருமென நம்புவதும் தமிழன் நாவில் ஒரே வினை. மொழிபெயர்ப்பாளர்களை இரு தலைமுறையாக இடர்ப்படுத்திய இவ்விருபொருண்மையே, கிட்டாத ஆண்டுக்குப் பின்னும் கைநீட்டி நிற்கும் மக்களை நமக்கு விளக்குகிறது. பொருள் வந்து சேரவில்லை, சொன்னவர் மாறவில்லை.

ஆயினும் சொன்னவர்மேல் வைத்த நம்பிக்கை பக்கத்து மனிதனை மறந்தால் என்னாகும் என்பதை 1847இன் பந்தி நமக்குக் காட்டிவிட்டது. அப்பாடத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் நினைவூட்டியவர் ஒருவர் உண்டு. 1969இல் உருவாகி மதுரை அரசரடியில் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, மக்கள் அன்போடு வழங்கிய பெயரால் பரட்டை, பறையிசையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். 2005இல் மறைந்த அவர் ஓயாது பேசிய கருத்து 'ஒரு உலை'. கூட்டுக்குடும்பத்தில் ஒரே உலையில் வெந்த சோற்றை எல்லோரும் பகிர்ந்துண்பது போல, ஒடுக்கப்பட்டோர் உட்பட அனைவரும் ஓர் உலைச்சோறு உண்பதே இறையாட்சியின் முன்சுவை என்பது அவர் கொள்கை. அமெரிக்கர் தேர்வாக வைத்த பந்தியைத் தமிழ்ப் புலவர் ஒருவர் விருந்தாக மாற்றிவிட்டார் எனலாம். தேர்வுக்கு அஞ்சினோர் விலகலாம். விருந்துக்கு அழைப்பு மீண்டும் மீண்டும் வரும்.

தென் மாவட்டத் திருச்சபைகளில் அசனம் என்றொரு வழக்கம் உண்டு. திருவிழா நாளில் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும் பெரிய அண்டாக்களில் ஒன்றாக வேகும். வந்தோர் யாவரும் வரிசையில் அமர்ந்து உண்பர். சாதிப்பெயர் சொல்லிக் கல்லறைத் தோட்டத்தையும் பிரிக்கும் ஊர்கள் இருக்கும் நாட்டிலேதான் இந்த அசனமும் நடைபெறுகிறது. இரண்டும் உண்மை. எது வெல்லும் என்பது முன்கூட்டி எழுதிவைக்கப்படவில்லை.

நொபிலி மதுரையை விட்டு நீங்கியபோதும், அருளானந்தர் ஓரியூர் மணலில் முழந்தாளிட்டபோதும், தாது வருடத்தில் பெயரறியா உபதேசியார் ஒருவர் கஞ்சி வார்த்தபோதும், வாக்குத்தத்தம் நிறைவேறியதை அவர்கள் காணவில்லை. தொலைவிலிருந்து கண்டனர், தம் பங்கைச் செலுத்தினர். நள்ளிரவில் அட்டை பெறும் கையும் அசனப் பந்தியில் அடுத்தவர்க்குச் சோறு பரிமாறும் கையும் ஒரே கையாக இருக்கும் வரையில், இச்சமவெளியில் நம்பிக்கை என்னும் சொல்லுக்குப் பொருள் இருக்கும்.